கட்டைவிரல்

புடாபெஸ்டில் நவம்பர்.
மத்திய வங்கியின் நெற்றியில் சாரம் கட்டியிருக்கிறார்கள்.
நாலாவது அடுக்கில் மண்டியிட்டு
போரோகா கல்லுக்கு முகம் கழுவிவிடுகிறாள்.
நீராவிக் குழாய், பல் துலக்கும் பிரஷ்,
பல் மருத்துவர் தூக்கிப்போட இருந்த வளைந்த ஊசி.
நிலக்கரி, முற்றுகை, ட்ராபன்ட் கார்கள் என்று
நூறு வருடப் புகை
பொருக்குப் பொருக்காய் மடியில் உதிர்கிறது.

கீழே போகிறவர்கள் நிமிர்வதில்லை.
நிமிர்ந்தாலும் தெரிவது
கட்டடம் சொல்ல நினைத்தது மட்டும்.
நான் ஓடிப்போக மாட்டேன் என்கிறது தூண்.
உனக்கும் உண்டு என்கிறது
பழம் வழியும் கொம்பு.
தேன்கூடு சேமிக்கச் சொல்கிறது.
காலடியில் நாய் உட்கார்ந்திருப்பது நாணயத்துக்கு.
எங்கள் மொழியில் அந்தச் சொல்
காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும்.
இரண்டையும் ஒரே பையில் போட்டவர்
நம்பிக்கைக்காரரா நக்கல்காரரா, தெரியவில்லை.

கிட்டப் போனால் வேறு.
கொம்பின் வாய்க்குள் புறா முட்டை ஒன்று.
தேவதைக்கு முதுகே கிடையாது;
தெருவுக்குத் தெரியாத பக்கத்துக்கு
யாரும் கூலி கொடுக்கவில்லை.
நாயின் காதில் தோட்டாக் குழி.
எந்த வருடத்துத் தோட்டா என்று எழுத
அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது.
'தெரியாது' என்று நிரப்பினாள்.

வியாழக்கிழமை தராசுக்கு வந்து சேர்ந்தாள்.
காசு நிறுக்கிற தாடிக்காரன்,
கண்ணைத் தாழ்த்தி, யோக்கியமாய்.
நாற்பத்தாறில் துப்புரவுக்காரர்கள்
நோட்டுகளைச் சருகோடு சருகாய்க் கூட்டி அள்ளியபோதும்
இதே நிதானத்தில் நிறுத்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.
இடது தட்டின் விளிம்பில் கறுப்பாய் ஒரு கட்டி.
பொருக்கு என்று ஊசியை வைத்தாள்.
உதிரவில்லை.
ஆவியைக் காட்டினாள்.
மெல்ல வெளுத்து வந்தது
ஒரு கட்டைவிரல்.

பொறியாளர் திஹமேர் ஏணியேறி வந்தார், மூச்சு வாங்க.
"தாங்குகல். தட்டு மெல்லிசு,
உடையாமலிருக்கச் சிற்பி விட்டுவைத்தது.
எல்லாக் கட்டடத்திலும் உண்டு."
"தாங்குகல்லுக்கு நகம் எதற்கு?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
நகம் அங்கேயேதான் இருந்தது.
ஓரத்தில் கொஞ்சம் கடித்த நகம்.

"சாந்து பூசிவிடலாம். இரண்டு மணி நேர வேலை."
"எதைப் பூச? எங்கே பழுது?"
"தெருவிலிருந்து தெரியாது, போரோகா."
"தெரியாததை எதற்கு மறைக்க?"
அவர் பதில் சொல்லவில்லை.
இறங்கும்போது எல்லாப் படியையும்
கையால் தொட்டுத் தொட்டு இறங்கினார்.

அவள் கையுறையைக் கழற்றி
அந்த விரல்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.
கல் இன்னும் சூடாக இருந்தது.
கூலி பாக்கி நின்றவன் செதுக்கினானா?
சும்மா ஒரு மத்தியானம், வெயில் நன்றாயிருந்தது என்றா?
கோபான்யாவில் இரண்டு அறை வீடு அவளுக்கு.
சம்பளம் ஃபோரின்டில், கடன் சுவிஸ் பிராங்கில்.
ஏழு வருடம் கட்டியும்
வாங்கியதைவிடப் பாக்கி அதிகம்.
எங்கேயோ ஒரு தட்டு தாழ்ந்துகொண்டே இருந்தது,
எந்த விரலும் தென்படாமல்.

அறிக்கையில் எழுதினாள்:
இடது தட்டு. மூலச் செதுக்கு. பழுது இல்லை.

டிசம்பரில் சாரத்தைப் பிரித்தார்கள்.
கட்டடம் பால்பல் நிறத்தில் சிரித்தது.
எதிர் நடைபாதையில் நின்று பார்த்தாள்:
தாடிக்காரன், தராசு, நிழல். அவ்வளவுதான்.
இனிமேல் அது புறாக்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி,
அடுத்த நூறு வருடப் புகை வரும்வரை.

மூலையில் ஒருத்தி கஷ்கொட்டை சுட்டு விற்றாள்.
காகிதக் கூம்பைத் தராசில் வைத்தபோது
போரோகாவின் பார்வை தானாகவே
அவள் கட்டைவிரலுக்குப் போயிற்று.
விற்கிறவள் அதைக் கவனித்துவிட்டாள்.
கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு
முள் நிற்கிறவரை காத்திருந்தாள்.
பிறகு, ஒன்றும் பேசாமல்,
கொசுறாக ஒரு கொட்டையைப் போட்டாள்.

டிராமில் அதைத்தான் முதலில் உரித்தாள்.
பாதி சொத்தை.
மீதிப் பாதியைத் தின்றாள்.